ராஜம்மாவின் ரிப்போர்ட்டும் கங்கையம்மன் கோயில் மைக்கும்

போன ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், நம் பாலகாட் கங்கையம்மன் கோயில் மைக்கில் பாட்டு நடுவில் நின்று ஒரு குரல் கேட்டதே, ஞாபகம் இருக்கிறதா? "சுகர் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்தவங்க யாரா இருந்தாலும்" என்று திக்கித் திக்கிப் பேசியது நான்தான். ஏழுமலை. இன்றைக்கும் ஸ்டேஷனில் சிலர் என்னைப் பார்த்தால், "இன்னா மைக்கு, ட்ரெயினு லேட்டா?" என்கிறீர்கள். கேலி செய்யுங்கள். எனக்கு வேண்டியதுதான். ஆனால் மைக் பிடிப்பதற்கு முன்னால் அன்றைக்கு நான் அம்மனிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்பது உங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எழுதும்போதே முகம் சுடுகிறது.

எனக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. நம் சுரங்க ஊரிலிருந்து காலை ட்ரெயினில் போய் இருட்டினபிறகு திரும்பும் கூட்டத்தில் நானும் ஒருவன். லீவு நாட்களில் இங்கே ஊரில் நாலைந்து பேருக்கு பில் போடும் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஒருவர் வசந்தா அக்கா. பக்கத்து ராபர்ட்சன்பேட்டையில் ரத்தம் டெஸ்ட் செய்யும் லேப் வைத்திருக்கிறார். பாலகாட்டிலும் அவருக்கு ஒரு சின்னக் கிளை உண்டு. அங்கே செல்வி என்ற பெண் காலையில் ரத்தம் எடுத்து, பில் போட்டு, டியூப்களை ராபர்ட்சன்பேட்டைக்கு அனுப்பிவிடுவாள். டெஸ்ட் அங்கேதான் நடக்கும். சாயங்காலம் ரிப்போர்ட்டை செல்வி தன் கம்ப்யூட்டரிலேயே பிரிண்ட் எடுத்துக் கொடுப்பாள். டியூபின் மேல் பெயர் எழுதுவதில்லை. பில் நம்பர் மட்டும்தான். எந்த ரத்தம் யாருடையது என்பது அந்த நம்பரை வைத்துத்தான்.

இந்த பில் எல்லாம் லேபில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் இருக்காது. வெளியூரில் எங்கேயோ வாடகைக்கு எடுத்த சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டரில் இருக்கும். அந்தப் பழைய சர்வர் அடிக்கடி படுத்துக்கொண்டது. வெறும் வயிற்றோடு சுகர் டெஸ்டுக்கு வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள், பில் வராது, வசந்தா அக்கா என்னைப் போனில் பிடித்துக் காய்ச்சுவார். வேறு சர்வருக்கு மாற்றிவிடலாம் என்று சொன்னவன் நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேப் மூடின பிறகு, நிதானமாக மாற்றுவதாக இருந்தேன். அந்த ஞாயிறு ஆடியில் வந்தது.

"ஆடியில யாராவது வீடு மாத்துவாங்களா தம்பி?" என்றார் வசந்தா அக்கா.

"இது வீடு இல்லக்கா. சர்வரு."

"என் கணக்கு குடியிருக்கிற எடம்தானே. எனக்கு எல்லாம் ஒன்னுதான். ஆனி முடியறதுக்குள்ள மாத்திக் குடு. இல்லன்னா ஆவணிக்குப் பாத்துக்கலாம், போ."

ஆவணி வரை அந்த சர்வர் தாங்காது. அக்காவே காலண்டரைப் புரட்டி நாள் குறித்தார். ஆனி கடைசி நாள், வியாழக்கிழமை, பத்தே முக்காலுக்கு மேல் நல்ல நேரம். லேபில் கூட்டம் பிதுங்கும் நேரம் அது. வேலை தெரிந்தவன் எவனும் அப்போது சர்வரில் கை வைக்க மாட்டான். ஆனாலும் நல்ல நேரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அதையெல்லாம் பார்க்கிறவன்தான். நேரத்தின் மேல் நான் பழி போடவில்லை. அந்த நேரத்தில் செய்ய வேண்டிய ஒரு வேலையை நான் செய்யவில்லை, அதுதான் விஷயம்.

வீடு மாறும்போது பழைய வீட்டைப் பூட்டிவிட்டுத்தானே கிளம்புவோம். சர்வரும் அப்படித்தான். பழையதில் யாரும் புதிதாக பில் போட முடியாதபடி அடைத்துவிட்டு, அப்புறம்தான் புதிய இடத்துக்கு வழி திருப்ப வேண்டும். வழி திருப்பிய செய்தி எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேராது. சில கம்ப்யூட்டர்கள் கொஞ்ச நேரம், சில சமயம் அரை நாள் கூட, பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருக்கும். இதெல்லாம் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

அன்று கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு லேபுக்குப் போனேன். வசந்தா அக்கா மானிட்டருக்குக் குங்குமம் வைத்தார். புது சர்வரில் முதல் பில் பிள்ளையார் பெயரில்தான் என்றார். பெயர் போட்டாயிற்று. வயது என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். வரிசையில் நின்ற ஒருவர், "என்னைவிட மூத்தவருன்னு போடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழைய சர்வரை அடைத்தால் பத்து நிமிடமாவது பில் நிற்கும், இத்தனை பேர் காத்திருக்கிறார்கள், நல்ல நேரமும் போய்விடும், அப்புறம் அடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். "நம்ம ஏழுமலை கை வெச்சா ஆய்த்து" என்று அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னார். காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளாத குறைதான்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, பழையதை அடைக்கலாம் என்று மத்தியானம் லேப்டாப்பைத் திறந்தேன். பழைய சர்வரில் அன்றைய பில்கள் இருந்தன. பாலகாட்டில் செல்வி போட்டவை. ராபர்ட்சன்பேட்டை கம்ப்யூட்டர் புது இடத்துக்குப் போய்விட்டது, செல்வியின் கம்ப்யூட்டர் காலை முழுவதும் பழைய இடத்திலேயே பில் போட்டுக்கொண்டிருந்தது.

அப்போது வசந்தா அக்காவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். "அக்கா, தப்பு பண்ணிட்டேன், பாலகாட் டியூபுங்கள தொடாதீங்க." அவ்வளவுதான். போனைக் கையில் எடுத்தேன். காலையில் அவர் சொன்ன வார்த்தை காதில் கேட்டது. அதற்குள் எப்படிப் போய் நான் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்வது? போனைக் கீழே வைத்துவிட்டேன்.

சுவரில் அம்மன் படம். அதன் முன்னால் கை கூப்பினேன். "தாயே, இது யாருக்கும் தெரியக் கூடாது. எப்படியாவது மூடி மறைச்சுக் குடு." இதுதான் நான் வேண்டிக்கொண்டது. கண்ணை மூடி, மனதார, இதைத்தான் கேட்டேன்.

கேட்டுவிட்டு, செல்வியின் பில்களை அப்படியே அள்ளிப் புது சர்வரில் கொட்டினேன். பழைய சர்வரும் புது சர்வரும் காலையில் ஒரே நம்பரிலிருந்துதான் கிளம்பின. அங்கே செல்வி போட்ட அதே நம்பரில் இங்கே ராபர்ட்சன்பேட்டைக்காரர்களுக்கும் பில் ஓடியிருக்கும். ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிய வேண்டிய விஷயம். என் மண்டையில் ஏறவில்லை. ஒரே நம்பர் இருந்த இடங்களில் பாலகாட்காரர்களின் பெயர் ராபர்ட்சன்பேட்டைக்காரர்களின் பெயரை அழித்துக்கொண்டு உட்கார்ந்தது. அந்த ராபர்ட்சன்பேட்டை ரத்தத்துக்கெல்லாம் லேபில் ரிசல்ட் ஏற்கெனவே ஏற்றியிருந்தார்கள். ஆக, பெயர் ஒருவருடையது, ரத்தம் இன்னொருவருடையது. அந்த நம்பர் போட்ட பாலகாட் டியூப்களுக்கு ரிசல்ட் இருக்கிறது என்று சாஃப்ட்வேர் காட்டியதால், லேபில் அவற்றை டெஸ்ட் ஆனதாக நினைத்து ஓரமாக வைத்துவிட்டார்கள்.

எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லா பில்லும் ஒரே இடத்தில் இருப்பதைப் பார்த்து நெஞ்சு லேசாகிவிட்டது. சாயங்காலம் குளித்துவிட்டு, அம்மனுக்கு நன்றி சொல்ல நம் கோயிலுக்கு வந்தேன். தப்பை மறைத்துக் கொடுத்ததற்கு நன்றி. கற்பூரம் ஏற்றினேன். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். என் சந்தோஷத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று நான் தள்ளி நின்றுகொண்டேன். வெளியே கமிட்டி கோவிந்தன் அண்ணன் மறுநாள் ஆடி வெள்ளிக்காகக் குழாய் ஸ்பீக்கர் கட்டி, பாட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரசாதத் திருநீறை நெற்றியில் பூசி முடிக்கவில்லை, போன் வந்தது. வசந்தா அக்கா.

"தம்பி, இங்க வளையல் கடைக்காரர் ஒருத்தர் ரிப்போர்ட்டு கேட்டு வந்துக்கிறாரு. அவரு நம்பர் போட்டா யாரோ ராஜம்மான்னு பேரு வருது. இன்னா இது?"

"நெட்டு ஸ்லோக்கா. ஒரு பத்து நிமிஷம் பொறுங்க."

கோயில் வாசலில் நின்றுகொண்டு இந்தப் பொய்யைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செருப்பு விடும் இடத்திலேயே உட்கார்ந்தேன். செல்போனிலேயே சர்வரைத் திறந்து பார்த்தேன். நாலு பேருடைய நம்பர் மோதியிருந்தது. செல்விக்குப் போன் போட்டேன். நாலு ரிப்போர்ட்டையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

மூன்று பேருக்குப் பெரிய டெஸ்ட் ஒன்றும் இல்லை, போன் நம்பரும் இருந்தது. நாலாவது ராஜம்மா. வெறும் வயிற்று சுகர். ரிப்போர்ட்டில் இருந்தது வளையல் கடைக்காரருடைய சுகர், முந்நூற்று எண்பதுக்கு மேல்.

"அந்தம்மா இன்சுலின் போட்டுக்கிறவங்கண்ணா" என்றாள் செல்வி. "ரிப்போர்ட்ட பாத்துட்டு அழுதுனே போனாங்க. ஏறியிருந்தா ராத்திரி ஊசிய ஏத்திப் போட்டுக்கன்னு டாக்டரு சொல்லிக்கிறாராம். எவ்ளோ ஏத்தணும்னு கூட எங்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. ஏண்ணா, இன்னா ஆச்சு?"

"அவங்க போன் நம்பர் குடு."

"போனு இல்லண்ணா அவங்களுக்கு. லேபு நம்பரையே போட்டுட்டேன்."

முகவரி என்ற இடத்தில் பாலகாட் என்று மட்டும் இருந்தது. பாலகாட்டில் ராஜம்மா என்று கூப்பிட்டால் ஒவ்வொரு லைன் வீட்டு வரிசையிலும் ஒரு கதவு திறக்கும். சுகர் ஏறாத ஒருவர் ஊசியை ஏற்றிப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் மாமா ஒருவர் அப்படி மயங்கி விழுந்து, பிழைத்து எழுந்ததே பெரிய பாடாகிவிட்டது. இந்த அம்மா தனியாக இருப்பவராக இருந்தால்? யார் பார்ப்பார்கள்?

அப்போது திரும்பவும் அம்மனைப் பார்த்தேன். கை கூப்பக்கூட வெட்கமாக இருந்தது. "தாயே, எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். எல்லாருக்கும் தெரியட்டும். அந்த அம்மா மட்டும் ஊசி போட்டுக்கக் கூடாது." அழுதுவிட்டேன். மத்தியானம் கேட்டதற்கு நேர் எதிராகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வசந்தா அக்காவைக் கூப்பிட்டேன். "நெட்டு ஸ்லோ இல்லக்கா. நான் தப்பு பண்ணிட்டேன்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டாததைச் சொன்னேன். மத்தியானமே தெரிந்தும் மறைத்ததைச் சொன்னேன்.

"உன்ன அப்பறம் பேசிக்கறேன்" என்றார். "மொதல்ல அந்தம்மாவ தேடு. டியூபு இங்கதான் ஓரமா கெடக்குது, நான் டெஸ்ட்ட போட்றேன்."

எந்த லைன் என்று தேடுவது? ஒவ்வொரு கதவாகத் தட்டினால் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். சாப்பாட்டுக்கு முன்னால்தான் ஊசி. அப்போது ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு தெருவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. கோவிந்தன் அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணா, ஒரு அனவுன்ஸ்மென்ட் பண்ணணும். நீங்களே பண்ணுங்க." விஷயத்தைச் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு பண்ண தப்பு இது?"

"நான்தான்."

"அப்ப நீயே சொல்லு. பேரில்லாம சொன்னா, யாரோ குடிச்சுட்டு மைக்க புடிச்சுக்கினான்னு நெனச்சுக்குவாங்க. பேரச் சொல்லி, யாரு புள்ளன்னு சொல்லு. அப்பத்தான் நம்புவாங்க." பாட்டை நிறுத்தி மைக்கை என் கையில் வைத்தார்.

அந்த மைக்கில் என் பெயர் முன்பு வந்திருக்கிறது. நான் பாஸ் ஆன போது, வேலை கிடைத்த போது, கோயிலுக்கு நன்கொடை கொடுத்த போது. இப்போது என் பெயரையும் அப்பா பெயரையும் சொல்லி, "நான் பண்ண தப்பால உங்க ரிப்போர்ட்டு மாறிப்போச்சு. ராஜம்மான்னு பேரு, இன்னிக்குக் காலையில பாலகாட்ல சுகர் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்தவங்க யாரா இருந்தாலும், அந்த ரிப்போர்ட்ட நம்பி ஊசி போட்டுக்காதீங்க. தெரிஞ்சவங்க யாராவது இருந்தா ஓடிப் போய்ச் சொல்லுங்க" என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். என் குரல் தூரத்துக் குழாயில் ஒரு நொடி தள்ளி எனக்கே கேட்டது. அதைப் போல ஒரு அவமானத்தை நான் அனுபவித்ததில்லை.

முதலில் ஒரு ராஜம்மா வந்தார். அவர் வாழ்க்கையில் ரத்தம் டெஸ்ட் செய்ததே இல்லையாம், பெயர் கேட்டதால் வந்தாராம். அப்புறம் இன்னொருவர் வந்தார், அவர் போன வாரம் கொடுத்தவர். என்னைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. "படிச்சவன் பண்ற வேலையா இது" என்று யாரோ சொன்னார்கள். நான் மைக்கில் திரும்பவும் அதையே சொன்னேன்.

பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மூச்சு வாங்க ஒரு அம்மா வந்தார். கையில் லேபின் காகித உறை. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. என் பக்கத்தில் நின்று அழுதவர். நான் தள்ளி நின்றுகொண்டவர்.

"நான்தாம்பா அந்த ராஜம்மா. இன்னா சொன்ன, மறுக்கா சொல்லு."

"அந்த சுகரு உங்களுது இல்லம்மா. வேற ஒருத்தருது. என் தப்பு. ஊசி போட்டுக்கினீங்களா?"

"இன்னும் வீடே போய்ச் சேரலையே. பாதி வழியில உன் சத்தம் கேட்டுத் திரும்பி வரேன்."

அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை, கருவறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பத்தான் கேட்டுட்டுப் போனேன். இந்த நம்பர எறக்கிக் குடு தாயேன்னு. ஆடி பூராவும் உன் வாசல கழுவிக் கோலம் போட்றேன்னு வேண்டிக்கினேன். லைனுகூடத் தாண்டல, அதுக்குள்ள எறக்கிட்டா."

வசந்தா அக்கா போன் போட்டார். ராஜம்மாவின் சுகர் நூற்றுப் பத்து. எப்போதும் இருப்பதைவிட நன்றாகவே இருந்தது. மறுநாள் அவருடைய டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். ஏற்றிப் போட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மற்ற மூன்று பேருக்கும் சரியான ரிப்போர்ட்டை வீடு தேடிப் போய்க் கொடுத்தேன். வளையல் கடைக்காரருக்குத் தனக்குச் சுகர் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. அன்றைக்கே அவரை டாக்டரிடம் அனுப்பினார் வசந்தா அக்கா. என்னை அவர் "அப்பறம் பேசிக்கறேன்" என்று சொன்னபடியே பேசினார். எது எதெல்லாம் சொன்னார் என்று இங்கே எழுத மாட்டேன். ஆனால் வேலையிலிருந்து நீக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். "நம்ம வூடு வரைக்கும் நல்லாத்தான் கேட்டுச்சு" என்றார். சாப்பாட்டை எடுத்து வைத்தார்.

மறுநாள் ஆடி முதல் வெள்ளி. டாக்டரிடம் கூட்டிப் போகக் கிளம்பி வரும் வழியில் பார்த்தால், ராஜம்மா கோயில் வாசலில் குடத்தோடு குனிந்திருக்கிறார். எனக்குத் தாங்கவில்லை. என் தப்பால் வந்த நம்பருக்கு இந்த அம்மா முதுகு ஒடியத் தண்ணீர் தூக்குவதா?

"அம்மா, உங்களுக்குத்தான் சுகரே ஏறலையே. அந்த வேண்டுதல் எதுக்கு? அது செல்லாதும்மா" என்றேன்.

நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நான் அந்த நம்பருக்குத்தானேப்பா வேண்டிக்கினேன். என்னுது இல்லன்னா வேற யாருதோ. அவுங்களுக்கு எறங்க வேணாமா?"

யாரென்றே தெரியாத வளையல் கடைக்காரருக்காக அந்த அம்மா ஆடி முழுவதும் வாசல் கழுவினார். நான் குடத்தை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து ஆடி முடியும்வரை தண்ணீர் நான் எடுத்து வந்தேன், கோலம் அவர் போட்டார். இரண்டு நாள் ட்ரெயினை விட்டேன். வளையல் கடைக்காரருக்கு மெல்ல மெல்ல இறங்கி வருகிறது. மருந்து சாப்பிடுகிறார், அதனால்தான் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், போன ஆனி வரை.

அதன் பிறகு எந்த சர்வரையும் பழையதைப் பூட்டாமல் நான் மாற்றியதில்லை. தப்பு நடந்தால் முதல் போன் வேலை கொடுத்தவருக்குத்தான். வாய் இன்னும் குழறத்தான் செய்கிறது. சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருகிற உங்களிடம் எனக்கு ஒன்றே ஒன்று சொல்ல இருக்கிறது. அவளிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். வெட்கங்கெட்டதைக்கூடக் கேளுங்கள், நான் கேட்டேன். எதைக் கொடுப்பது, எதை மறுப்பது என்று அவளுக்குத் தெரியும். அன்று ஒரே கருவறைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம், ராஜம்மா கேட்பதற்கு, நான் வீட்டில் கேட்டதற்கு நன்றி சொல்ல. ராஜம்மா கேட்டதைக் கொடுத்தாள். யாருக்கும் தெரியக் கூடாது என்று நான் கேட்டதைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அந்த அம்மா இன்றைக்கு இருந்திருக்க மாட்டார். கொடுக்காததற்காக என் தாய்க்கு நன்றி.